கதவேறி வந்த ஆறு

சித்திரைத் திங்கள், வெண்குடையின் நிழல் அதன் காம்பின் அடியில் வந்து சுருண்டுகொண்ட உச்சிப்பொழுதில் இவ்வோலை எழுதத் தொடங்கப்பட்டது.

நாரையாறு பாயும் நெடுங்கரை நாட்டைக் காக்கும் கோமான் நெடுமுடித் தேவரின் திருவடி நிழலில் அமர்ந்து, மழை பெய்தால் கரையையும் பெய்யாவிட்டால் மதகையும் காத்துவரும் பேரமைச்சர் காரி விழுப்பரையர் அவர்களின் திருமுன்னர், நீர்க்குடை தாங்கும் அடியேன் ஆதன் பெருஞ்சாத்தன், கடைமடை ஊராகிய உவர்க்குடியின் குளக்கரையிலிருந்து பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் குலம் தழைக்க. தங்கள் கிணறு வற்றாதிருக்க. கோட்டைமருதூர் அகழியின் முதலைகள் இக்கோடையிலும் முதுகு நனைந்திருக்க.

தாங்கள் அனுப்பிய ஓலை நேற்று வந்தது. அரசகுடையைக் கடத்திய குற்றத்துக்காக உவர்க்குடிப் பெண்கள் எழுவரைக் கட்டித் தலைநகருக்கு அனுப்பவேண்டும் என்றும், அடியேன் உடனே ஊருக்குள் காலூன்றி, நீர்முறையை முடித்து, தேவியேரியின் மதகை அடைக்க முரசு அறைவிக்கவேண்டும் என்றும் அதில் கட்டளை. தங்கள் கட்டளைக்கு எதிராக அடியேன் ஒன்றும் செய்யவில்லை. கட்டளைப்படியும் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. காரணத்தைக் கேட்டருள வேண்டும்.

தாங்கள் பொறுப்பேற்று இது முதற்கோடை. ஆதலால் நீர்க்குடையின் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோமானின் முப்பாட்டனார் காலத்தில் கோடைநீர் தனியாகத்தான் போயிற்று. ஏரியின் மதகைத் திறப்பார்கள். நீர் ஆற்றில் இறங்கும். வழியில் உள்ளவர்கள் கரையை வெட்டுவார்கள். கடைமடைக்கு ஈரமணல் போய்ச்சேரும். முப்பாட்டனார் யோசித்தார். மன்னர் போகும் வழியை யாரும் வெட்டமாட்டார்கள். ஆகவே நீருக்கு முன்னால் மன்னரின் குடை போகட்டும் என்றார். குடையைத் தாங்கி நடப்பவனுக்கு நீர்க்குடையார் என்று பெயரிட்டு விதி வகுத்தார். நீர் குடையை முந்தலாகாது: குடை ஓர் ஊரில் தங்கியிருக்கும்வரை அவ்வூருக்குக் கீழே ஆற்றின் குறுக்கே பலகை இறக்கியே இருக்கும், குடை பலகையைத் தாண்டியதும் அது தூக்கப்படும். ஊரார் தரும் விருந்து மன்னருக்குத் தரும் விருந்தாகையால் நீர்க்குடையார் அதை மறுக்கலாகாது. விருந்துண்ட நாளில் ஊரெல்லைக்கு வெளியே கால் வைக்கலாகாது. முடிவாக, அவர் உவர்க்குடியில் காலூன்றியதும் முரசு ஊரூராக மேலேறி ஏரியை எட்டும்; மதகு அடைபடும்.

நல்ல விதிகள். எனக்கு முன் இப்பணியில் இருந்த மருதன் கண்ணனார் காலம் முழுவதும் ஒரு குறையும் வரவில்லை. கண்ணனார் தீராத வயிற்றுநோயாளர். கஞ்சித்தெளிவு தவிர எதுவும் அவருக்குள் இறங்காது. விருந்து வைத்தால் இலையைத் தொட்டுக் கும்பிடுவார். உண்ணாததால் தங்கவேண்டிய கடமையும் இல்லை. வெயில் ஏறுமுன் அடுத்த ஊரில் இருப்பார். நெடுங்காலம் இந்நாட்டின் கோடைப்பாசனம் அவருடைய குடலால் ஒழுங்காக நடந்தது. அதை யாரும் அறியவில்லை. அவர் மறைந்ததும், நன்றாக நடப்பவன், திடமானவன், எதை உண்டாலும் செரிப்பவன் என்று அடியேனைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றும் உண்மை. நாட்டுக்கு வந்த கேடும் அதுவே.

வழக்கில் வருவோர் பேசியதைப் பேசியபடியே எழுதவேண்டும் என்பது ஓலைமுறை. எழுதுகிறேன். சொற்களின் கரடுமுரடு அடியேனுடையதன்று.

ஏரிக்கு அடுத்த ஊர் தலையூர். அங்கே ஊர்த்தலைவர் கூத்தன் உடையார் எல்லையிலேயே நின்றார். கையில் நீர்மோர்ச் செம்பு. விருந்து நடந்தது, விதிப்படி அன்று தங்கினேன். மறுநாள் விடிந்ததும் குடையை எடுத்தேன்.

"என்ன ஐயா அவசரம்? தண்ணிக்கென்ன பசியா எடுக்குது? ஒரு வாய் அப்பம் சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க" என்றார் உடையார்.

ஓர் அப்பத்தை விருந்தென்று கொள்வதா என்று தயங்கினேன். இலைமுன் அமர்ந்தபின் ஐயம் நீங்கிற்று. அப்பத்துக்குத் துணையாக ஆட்டுக்கறி வந்தது. கறிக்குத் துணையாகச் சோறு வந்தது. விருந்துதான். தங்கினேன்.

மறுநாள் அவர் பேரனுக்குக் காதுகுத்து. அதற்கு மறுநாள் அதே பேரனுக்கு மற்றக் காது. பிறகு ஒரு பசு ஈன்றது. பசு ஈன்றால் ஊர்கூடி விருந்து வைக்கும் வழக்கம் இங்கே உண்டா என்று கேட்டேன்.

"இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்கோம்" என்றார் உடையார்.

குடை அங்கே இருந்தவரை ஆறும் அங்கேயே இருந்தது. பலகைக்கு மேலே நாணல் தழைத்தது. பலகைக்குக் கீழே மணலில் நண்டு காய்ந்து கிடந்தது. தலையூர்க் குளம் நிரம்பியது. பிறகு கிணறுகள் ஊறின. பிறகு யாரோ தம் முற்றத்தில் அல்லி வளர்த்தார். விதி அடியேனை உட்காரவைத்தது என்று அப்போது நம்பியிருந்தேன். விதியோடு கறியும் சேர்ந்துதான் உட்காரவைத்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஒருநாள் இலையில் கறி வரவில்லை. ஊரில் ஆடு தீர்ந்திருந்தது. விருந்து இளைத்தது என்ற பேச்சு வந்துவிடக்கூடாதென்று உடையாரே குடையை எடுத்து அடியேன் கையில் கொடுத்தார்.

அடுத்த ஊர் நடுவக்குறிச்சி. அதன் தலைவர் வேட்டன் அரையர் வணக்கம் சொல்லுமுன்னே ஒரு கேள்வி கேட்டார்.

"தலையூர்ல எத்தன நாள் இருந்தீங்க?"

சொன்னேன். முகம் சுருங்கியது.

"அப்ப இங்க அதுக்கு மேல ஒரு நாளாவது இருக்கணும். நாங்க என்ன அவனுங்களுக்குக் குறைஞ்சவங்களா?"

அவர் ஆடுகளை முன்கூட்டியே அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஓட்டிவந்து கட்டியிருந்தார். விருந்துக்குக் காரணம் மட்டும் போதவில்லை. காது குத்தாத பிள்ளை ஊரில் இல்லை. எனவே ஒரு திருமணம் நடத்த முடிவாயிற்று. மணமகனும் மணமகளும் அன்று காலையில் கண்டுபிடிக்கப்பட்டார்கள். இரு வீட்டாருக்கும் பல காலமாகப் பேச்சுவார்த்தை இல்லை; ஆதலால் சமாதான விருந்து தனியாக நடந்தது. தாலி ஏறும்போது மணமகள் சேந்தி, பந்தல் கேட்கும்படி தன் தாயிடம் கேட்டாள்:

"இந்தக் குடைக்காரர் கிளம்புனதும் நான் நம்ம வீட்டுக்கு வந்துரலாம்ல?"

மணமகன் நிமிர்ந்தான். "நானும் அதத்தான் கேக்கலாம்னு இருந்தேன்."

அவ்வூர்க் குளம் அதற்குமுன்பே நிரம்பியிருந்தது. நீர் போக்கிடமின்றி தெருவுக்கு வந்தது. பந்தற்கால்கள் நீரில் நின்றன. பரிமாறுவோர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தனர். ஒரு தவளை அடியேன் இலையில் ஏறி, வடைக்குப் பக்கத்தில் அமர்ந்தது. விருந்தினர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஊரைச் சுற்றியிருந்த எள்வயல்கள் அழுகத் தொடங்கின. எள் தேங்கிய நீரைத் தாங்காது என்பது தாங்கள் அறிந்ததே. அரையரின் தம்பிதான் அதை முதலில் வாய்விட்டுச் சொன்னார்.

"அண்ணே, போதும்ணே. எள்ளு போச்சு. ஐயாவ அனுப்பிருவோம்."

"தலையூரான் என்ன சொல்லுவான்?"

"நடுவக்குறிச்சியில எள்ளு இல்லன்னு சொல்லுவான்."

"சொல்லட்டும். நடுவக்குறிச்சியில விருந்து இல்லன்னு சொல்லக்கூடாது."

இங்கே உவர்க்குடியைப் பற்றிச் சொல்லவேண்டும். அது உப்புநிலத்தின் விளிம்பில் இருக்கும் ஊர். சுவர் மண், கூரை பனையோலை, கதவு மட்டுமே மரம். குளம் வறண்டு, குளக்கரையில் தோண்டிய ஊற்றும் கரிக்கத் தொடங்கினால் அவர்கள் கதவுகளைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். அப்படிப் போனவர்கள் திரும்பியதில்லை. கதவு எங்கே நிற்கிறதோ அதுவே அவர்களுக்கு ஊர். இக்கோடையில் ஊற்று கரித்தது. கதவுகளைக் கழற்றுமுன் குடை வருமா வராதா என்று பார்த்துவர ஓர் ஆளை அனுப்பினார்கள்.

அவன் பெயர் கொற்றன். நடுவக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தான். வழக்கைச் சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாய்க்கு முன்னால் இலை போடப்பட்டது. அதன்பிறகு அவன் தினமும் அடியேனுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தான். வழக்கை அவன் சொல்லவில்லை. அடியேனும் கேட்கவில்லை. ஒரே ஒருமுறை, பாயசத்துக்கும் தயிருக்கும் இடையில், "ஊர்ல எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றான். ஆமாம் என்றேன். தயிர் வந்தது.

அதற்குச் சில நாள் கழித்து, பந்தி நடந்துகொண்டிருந்தபோது, பெண்கள் எழுவர் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு தெருநீரில் நடந்துவந்தார்கள். முன்னால் வந்தவள் மாசாத்தி. கொற்றனின் மனைவி. உப்பளத்தில் வேலைசெய்பவள். கதவைப் பந்தற்காலில் சாய்த்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

"சாப்பிட்டாச்சா?"

"இன்னும் பாயசம் வரல" என்றான் கொற்றன். பிறகு கதவைப் பார்த்தான். "நம்ம வீட்டுக் கதவு மாதிரி இருக்கே."

"அதுதான். நீ வருவ வருவன்னு தொறந்தே கெடந்துச்சு. சும்மாதான கெடக்குதுன்னு கழட்டிட்டு வந்துட்டேன்."

அரையர் விருந்தோம்பலில் குறை வைப்பவரல்லர். எழுவருக்கும் இலை போட்டார். அவர்கள் உண்டார்கள். நாங்கள் உண்டது போலன்று; பசித்தவர்கள் உண்பது போல. அந்தப் பந்தியில் அது வேறுபட்டுத் தெரிந்தது. மாசாத்தி மோரை வாங்கி ஒரு மிடறு குடித்தாள். கால் நனைய நின்ற நீரைச் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"இவ்வளவு தண்ணிய வச்சுக்கிட்டு மோர ஏன் இவ்வளவு கெட்டியா ஊத்துறீங்க?" என்று கேட்டாள்.

அவள் கை கழுவிவிட்டு அடியேன் முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, எங்க ஊர்ல கதவெல்லாம் கழட்டிக் குளத்தங்கரையில சாத்தி வச்சிருக்கு. குடை வந்தா மாட்டணும். வரலன்னா தூக்கிட்டுப் போகணும். அதத் தெரிஞ்சுக்கிட்டுப் போகத்தான் வந்தோம். வர்றீங்களா?"

வர விருப்பமே என்றும், ஆயினும் விருந்துண்ட நாளில் ஊரெல்லைக்கு வெளியே கால் வைக்கலாகாது என்பது முப்பாட்டனார் விதி என்றும், நாளை வருவதாகவும் சொன்னேன்.

"நாளைக்கு விருந்து இல்லையா?"

நாளை அரையரின் தம்பிக்குப் பிறந்தநாள் என்றேன். தம்பி அடியேனை வியப்போடு பார்த்தார்.

மாசாத்தி பந்தற்காலில் சாய்த்த கதவைத் திரும்பிப் பார்த்தாள். "கால்தான வைக்கக்கூடாது?"

ஆம் என்றேன்.

"வைக்காதீங்க. படுத்துக்கங்க."

கதவைக் கிடத்தினார்கள். அடியேன் படுத்தேன். இதைத் தாங்கள் கவனிக்கவேண்டும். யாரும் அடியேனைத் தள்ளவில்லை, கட்டவில்லை, ஏமாற்றவில்லை. குடை அடியேன் கையில் விரிந்தபடி இருந்தது. அவர்கள் தூக்கினார்கள். முதல் முயற்சியில் கதவு எழவில்லை.

"கொற்றா, எந்திரிச்சு வா. ஒரு மூலையப் பிடி" என்றாள் மாசாத்தி.

"பாயசம்..."

"பிடி."

அவன் பிடித்தான். இரண்டாம் முயற்சியில் எழுந்தது.

நடுவக்குறிச்சியின் பலகைக்காரர் எயினன் என்பவர் கரையில் நின்றிருந்தார். குடை தம்மைத் தாண்டிப் போவதைப் பார்த்துப் பலகையின் கயிற்றில் கை வைத்தார். அரையர் பந்தலிலிருந்து தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"டேய், தூக்காத! அவரு நடந்தா போறாரு? தூக்கிட்டுப் போறாளுங்கடா!"

"குடை தாண்டிருச்சா இல்லையாண்ணே?"

"தாண்டிருச்சு. ஆனா..."

"அப்பத் தூக்கணும்ணே" என்றார் எயினன். தூக்கினார். அரையரின் தம்பி ஒரு கை கொடுத்தார் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அதுவரை எத்தனையோ நாள் தேங்கியிருந்த நீர் ஒரே மூச்சில் கிளம்பியது. வறண்ட ஆற்றில் நீர் முதலில் நீராக வருவதில்லை. சருகும் சுள்ளியும் நுரையும் சாணமுமாக ஒரு வேலி நகர்ந்து வருவதுபோல் வரும். அந்த வேலி எங்களைத் துரத்தியது. நீர் குடையை முந்தினால் விதி முறியும். விதி முறிந்தால் முறை செல்லாது. பெண்கள் இதை அறிந்திருந்தார்கள். சுடுமணலில் ஓடினார்கள். அடியேன் மல்லாந்து கிடந்ததால் வானத்தையும் குடையின் உட்புறத்தையும் மட்டுமே கண்டேன். கேட்டதை எழுதுகிறேன்.

"அக்கா, தண்ணி கிட்ட வந்துருச்சுக்கா!"

"தெரியுது. ஓடு."

"இவரு கொஞ்சம் கம்மியாத் தின்னுருக்கலாம்."

"அதச் சொல்லிக்கிட்டே ஓடு."

கொற்றனின் இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு வடை விழுந்ததாகப் பிறகு அறிந்தேன்.

உவர்க்குடியின் பனைகள் தெரிந்த இடத்தில் நீர் எட்டிப்பிடித்தது. ஆறு அங்கே குறுகிக் குளத்துக்குள் திரும்புகிறது. பெண்களின் முழங்கால் நனைந்தது, பிறகு இடுப்பு. அப்போது கதவு அவர்கள் கைகளிலிருந்து தானாகவே எழுந்தது. மிதந்தது. மாசாத்தி ஒரு மூலையைப் பிடித்து நீந்தினாள். மற்றவர்கள் கூச்சலிட்டார்கள். கூச்சலில் மகிழ்ச்சியும் இருந்தது. அடியேனைப் பற்றிய சில சொற்களும் இருந்தன. குடை, கதவு, நுரை, சருகு, அடியேன் எல்லோரும் ஒரே நேரத்தில் உவர்க்குடிக் குளத்துக்குள் நுழைந்தோம். நீர் குடையை முந்தவில்லை. குடையும் நீரை முந்தவில்லை. முப்பாட்டனாருக்கு இதில் குறையிருக்க முடியாது.

கதவு குளத்தின் நடுவே வெடித்த மண்ணில் தட்டி நின்றது. ஊரார் கரையில் நின்று பார்த்தார்கள். யாரும் வாழ்த்தவில்லை. ஒரு முதியவர் மட்டும் குனிந்து நீரை அள்ளி வாயில் ஊற்றி, துப்பாமல் விழுங்கினார். பிறகு அடியேனைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டார்.

இனி அடியேன் ஏன் காலூன்றவில்லை என்பதைச் சொல்கிறேன்.

குளத்துக்குப் படிகள் உண்டு. கீழிருந்து எண்ணி ஏழாம் படி நனைந்தால்தான் ஆடிப் புதுநீர் வரும்வரை குடிக்கத் தாங்கும் என்பது இவ்வூரார் கணிப்பு. அதுவரை ஒரு கதவையும் மாட்டமாட்டார்கள். முதல் வேகத்தில் வந்த நீர் மூன்றாம் படியோடு நின்றது. கீழே இருந்த வெடிப்புகள் மீதியைக் குடித்துவிட்டன. அடியேன் கரையில் கால் வைத்தால் முரசு அறைவார்கள், மதகு அடைபடும், மூன்றாம் படி இரண்டாம் படியாகும், கதவுகள் தலையில் ஏறும். கால் வைக்காதவரை அடியேன் இன்னும் வழியில் இருக்கிறேன். வழியில் இருப்பவனுக்குப் பின்னால் நீர் வந்துகொண்டிருக்க வேண்டும். நீர்க்குடையார் உவர்க்குடியை அடைந்தபின் காலூன்ற எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்று விதியில் இல்லை. தேடிப்பார்த்தேன். இல்லை.

ஆகவே கதவின்மேலேயே இருக்கிறேன். கதவைக் கரையில் புங்கமரத்தடிக்கு மாற்றியிருக்கிறார்கள். வெயில் திரும்பும்போது கதவையும் திருப்புகிறார்கள். குடைக்காம்பைக் கதவின் இரும்பு வளையத்தில் செருகியிருக்கிறேன். கரிக்கும் ஊற்றிலிருந்து மொண்டு கொற்றன் அடியேன் தலையில் ஊற்றுகிறான். குடிநீரில் அடியேனைக் கழுவ மாசாத்தி இசையவில்லை. நேற்று ஓர் ஆடு குடையின் குஞ்சத்தில் பாதியைத் தின்றது. அதை அரசநிந்தையாகக் கொள்ளவேண்டாம். அந்த ஆட்டுக்கு வேறு பச்சை கிடைக்கவில்லை.

உணவு கேழ்வரகுக் கூழ். ஒரு துண்டு சுட்ட கருவாடு. முதல்நாள் மாசாத்தி கலயத்தை வைத்துவிட்டு, "விருந்துன்னு நெனச்சுக்கங்க" என்றாள். இரண்டாம் நாள், "நெனச்சுக்கங்க" என்றாள். இப்போது ஒன்றும் சொல்வதில்லை. கதவைத் திருப்பும் பெண்கள், அடியேன் இலகுவாகிவிட்டதாகத் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். இதை அங்கேயே செய்திருக்கலாமே என்று ஒருத்தி சொன்னாள்.

ஏரியைப் பற்றித் தங்களுக்குள்ள கவலை நியாயமானது. மழை எப்போது என்று தெரியாமல் சேமிப்பைக் கரைக்கமுடியாது. ஆயினும் ஏரியின் நடுவே நிற்கும் கல்யானையே அதற்கு அளவு. யானையின் முழங்கால் வெளியே தெரிந்தால் யார் கேட்டாலும் மதகை அடைக்கவேண்டும் என்பது விதி. தங்கள் ஓலையைக் கொண்டுவந்த சேவகனை விசாரித்தேன். யானையின் தந்தம்தான் தெரிகிறது, அதில் ஒரு நாரை நிற்கிறது என்றான். தந்தத்துக்கும் முழங்காலுக்கும் நடுவே இருக்கும் நீரில் உவர்க்குடிக்கு உரியதை மட்டுமே கேட்கிறேன். அல்லி வளர்ப்பதற்குக் கேட்கவில்லை.

பெண்கள் எழுவர் மீதான குற்றத்துக்கு வருகிறேன். அவர்கள் குடையைத் தொடவில்லை. அவர்கள் தொட்டது கதவை. கதவு அவர்களுடையது. அதன்மேல் படுத்தவன் அடியேன். குடை இருந்தது அடியேன் கையில். களவு நடந்தது என்று அரையர் உறுதியாகச் சொன்னால், கள்வன் அடியேன் ஒருவனே. அடியேனைக் கட்டி அனுப்பச் சித்தமாக இருக்கிறேன். ஏழாம் படி நனையுமுன் கட்டுவதானால், கால் தரையில் படாமல் கட்டவேண்டும். அதற்கு இந்தக் கதவே வசதியானது.

இனி வரும் கோடைகளுக்காக ஒரு விண்ணப்பம். நீர்க்குடையாரை வயிற்றைப் பார்த்து நியமிக்கலாம். ஆனால் நாடு எப்போதும் நோயாளிகளை நம்பியிருக்க முடியாது. அதனால் வழியைத் திருப்பிவிடக் கேட்கிறேன். குடை முதலில் எங்கும் தங்காமல் நேராக உவர்க்குடிக்குப் போகட்டும். அங்கே ஏழாம் படி நனைந்தபின் காலூன்றட்டும். பிறகு பலகைகளை இறக்கிக்கொண்டே மேலேறித் திரும்பட்டும். நடுவக்குறிச்சியிலும் தலையூரிலும் அப்போது எத்தனை காது குத்தினாலும், எத்தனை பசு ஈன்றாலும், யாருடைய தொண்டையும் காயாது. ஏரி மதகை அடைக்கும் முரசைக் கடைசியாகத் தலையூரில் அறையலாம். ஆடு தீர்ந்த அன்று அறைந்தால் போதும்.

தங்கள் விடை வரும்வரை, குடை விரிந்திருக்கும்போது நீரின்மேல் நீர்க்குடையார் சொல் மன்னர் சொல் என்ற உரிமையால், அடியேன் இடும் கட்டளை: தலையூர், நடுவக்குறிச்சி ஆகிய ஈரூர்ப் பலகைகளும் தூக்கியபடியே நிற்க. தேவியேரி மதகு, கல்யானையின் முழங்கால் தெரியும்வரையோ உவர்க்குடி முரசு கேட்கும்வரையோ, எது முந்துமோ அதுவரை திறந்தே இருக்க. மணமகள் சேந்தி விரும்பினால் தன் வீட்டுக்குப் போக. அரையரின் தம்பிக்கு எள்விதை கொடுக்கப்படுக.

இவ்வோலையைக் கொண்டுவரும் சேவகன் வழியில் அந்த இரண்டு ஊர்களையும் கடக்கவேண்டும். அவன் கையில் கட்டுக்கூழ் கொடுத்திருக்கிறேன். யார் எதைக் காட்டினாலும் வாயைத் திறக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவன் வந்துசேர நாளானால், என்ன நடந்திருக்கும் என்பதைத் தாங்கள் இப்போது அறிவீர்கள்.

ஏரி உள்ளவரை இச்சொல் நிற்க. இச்சொல் நிற்கும்வரை ஏரியில் நீர் நிற்க. அரக்கு இங்கே கிடைக்காததால் குளத்து மண்ணில் குடைமுத்திரை பதித்தேன். மண் ஈரமாகக் கிடைத்தது என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ளவேண்டும்.

முத்திரை காய்வதற்குள் இன்னும் ஒன்று. மாசாத்தி குளத்திலிருந்து ஏறிவருகிறாள். சேலை இடுப்புவரை நனைந்திருக்கிறது. ஒரு கையில் கதவு சுழலும் குடுமிக்குப் பூசும் எண்ணெய்க் கிண்ணம். அவளுக்குப் பின்னால் ஊரார் கரையில் சாய்த்திருந்த கதவுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வீடுகளை நோக்கிப் போகிறார்கள். அவள் அடியேன் தலைமாட்டில் வந்து நின்று சொன்னதையும் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஏழாம் படி நனைஞ்சிருச்சு ஐயா. இறங்குறீங்களா, இல்ல உங்களையும் சேத்தே மாட்டிரவா?"